குளத்தைச் சுற்றும் கமரா: பிளெண்டரில் வட்டம் வழுவழுப்பாக வரவில்லை

பாலியாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவிக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சின்னக் குளத்தைத் திருத்தப்போகிறார்கள். குளக்கட்டை உயர்த்தி, துருசைப் (தண்ணீர் திறந்துவிடும் மதகை) புதிதாகக் கட்டி, வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போடப்போகிறார்கள். காலபோகக் கூட்டத்தில் அதைக் கமக்காரருக்கு விளங்கப்படுத்த ஒரு வீடியோ செய்து தரும்படி கமக்கார அமைப்பில் என்னைக் கேட்டார்கள். நில அளவை வரைபடக் கோப்பு ஒன்று தந்தார்கள். அதை வைத்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் குளத்தை உருவாக்கிவிட்டேன். கட்டு 600 மீற்றர் நீளம், துருசு ஏறத்தாழ நடுவில், வான் (மிகைநீர் வழியும் இடம்) கிழக்கு முனையில். வயல், வாய்க்கால், அலைகரைப் (கட்டு இல்லாத நீர்க்கரைப்) பக்கத்துக் காடு எல்லாம் வைத்தாயிற்று.

பிரச்சினை கமராவில்தான். குளத்தைக் கமரா ஒரு முழு வட்டம் சுற்றிவர வேண்டும் என்று நினைத்தேன். நாலு பக்கமும் கமராவைக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் இடத்துக்கும் திரும்பலுக்கும் கீபிரேம் (இந்தப் பிரேமில் இந்த நிலை என்ற குறி) போட்டேன். 250 பிரேம், செக்கனுக்கு 24. ஓடவிட்டால் தொடக்கத்தில் மெதுவாகப் போகிறது, பிறகு ஓடுகிறது, கடைசியில் மறுபடி தேய்ந்து நிற்கிறது. எல்லாவற்றையும் லீனியர் (கீபிரேம்களுக்கு இடையே ஒரே வேகம்) ஆக்கிப் பார்த்தேன். வேகம் சீராகிவிட்டது, ஆனால் குளம் பெரிதாகிப் பெரிதாகிச் சிறுக்கிறது. கடைசிக் கால்வட்டத்தில் கமரா திடீரென்று எதிர்ப்பக்கம் சுழன்று திரும்புகிறது. இதைவிட, முழுவதும் ஒரு வெட்டு வெட்டிப் போவதுபோலத் தெரிகிறது, அதற்கு என்ன காரணம் என்று பிடிபடவில்லை.

என் கணினி ஐ3, 8 ஜிபி ரம். பிளெண்டரின் ஈவீ முறையில் ஒரு பிரேமை ரெண்டர் பண்ண, அதாவது இறுதிப் படமாக்க, 20 செக்கன் போகிறது. பொதுநோக்கு மண்டபத்தில் லப்டொப்பை ப்ரொஜெக்டரில் கொழுவித்தான் காட்டப்போகிறோம். தெரிந்த அண்ணாமார், அக்காமார் உதவுங்கள்.


மருதநிழல் எழுதியது:

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு பிளெண்டர் சொல்லிக்கொடுக்கிறேன். வட்டமாகச் சுற்றும் கமராவை எல்லோரும் கேட்பார்கள், ஒரு குளத்துக்காக ஒருவர் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கண்ட மூன்று குறைகளும் ஏன் வந்தன என்று பார்ப்போம். கீபிரேம் போட்டதும் பிளெண்டர் தானாக பெசியர் வளைவைத்தான் வைக்கும். அது முதல் கீபிரேமில் மெல்லக் கிளம்பி, கடைசியில் மெல்ல நிற்கும். ஒரு பெட்டி நகர்ந்து வந்து நிற்பதற்கு அது அழகு. நிற்காமல் சுற்ற வேண்டிய கமராவுக்கு அது பொருந்தாது. லீனியர் ஆக்கினால் கமரா நாலு புள்ளிக்கும் இடையே நேர்கோட்டில் போகும். அதாவது வட்டத்துக்குப் பதிலாகச் சதுரம். சதுரப் பக்கத்தின் நடுப்புள்ளி, மூலையைவிட மையத்துக்குக் கிட்ட இருக்கும். ஆரையில் 0.707 பங்குதான் மிஞ்சும். 850 மீற்றர் தள்ளி நிற்கும் கமரா நடுவழியில் 600 மீற்றருக்கு வந்துவிடும். குளம் பெரிதாகிச் சிறுக்கிறது என்று நீங்கள் சொன்னது இதைத்தான். கடைசியில் எதிர்ப்பக்கம் சுழல்வதற்குக் காரணம், நாலாவது கீபிரேமில் 270 பாகை, ஐந்தாவதில் 0 என்று கொடுத்திருப்பது. 360 என்று கொடுத்தால் அது முன்னோக்கியே போகும். பார்க்க இரண்டும் ஒரே இடம், எண்ணுக்கு இரண்டும் வேறு.

இதில் எதையும் ஒட்டுப்போட்டுத் திருத்த வேண்டாம். கமராவைக் கையால் நகர்த்தும் முறையையே விட்டுவிடுங்கள். செக்கில் மாட்டுக்கு வட்டம் போடத் தெரிய வேண்டியதில்லை, நடுவில் மரம் நிற்கிறது, கழி நீளம் மாறுவதில்லை, அது நடந்தாலே வட்டம் வரும். அதையே செய்யப்போகிறோம்.

ஷிஃப்ட்-ஏ அழுத்தி ஒரு எம்ப்டியைச் (படத்தில் தெரியாத வெறும் குறிப்புப் புள்ளி) சேருங்கள். பிளெயின் அக்சஸ் போதும். அதை எங்கே வைப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் முக்கியம். கமராவை எம்ப்டிக்கு நேர் தெற்கே வேண்டிய தூரத்தில், வேண்டிய உயரத்தில் வையுங்கள். கமராவை முதலில் தெரிவுசெய்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி எம்ப்டியையும் தெரிவுசெய்து, கன்ட்ரோல்-பி, ஒப்ஜெக்ட். கமரா எம்ப்டியோடு பிணைந்துவிடும். இனிக் கமராவை நீங்கள் தொடவே தேவையில்லை. கமராவை எப்போதும் இலக்கை நோக்கவைக்கும் ட்ராக் டூ கட்டுப்பாடு ஒன்று கொடுத்து, இலக்காக எம்ப்டியைக் காட்டுங்கள். ட்ராக் அக்சிஸ் மைனஸ் இசட், அப் வை என்று இருக்கிறதா பாருங்கள். டாம்ப்ட் ட்ராக் வேண்டாம். அது நோக்கை மட்டும்தான் பார்க்கும், எது மேல்பக்கம் என்பதைக் கவனிக்காது. அடிவானம் சரிந்துபோகலாம்.

பிறகு எம்ப்டியின் இசட் சுழற்சிக்கு மட்டும் இரண்டு கீபிரேம். முழு வட்டம் என்றால் 1ஆம் பிரேமில் 0 பாகை, 251ஆம் பிரேமில் 360 பாகை. காட்சி முடிவது 250இல். 250இலேயே 360 கொடுத்தால் முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒரே படமாகி, திரும்பத் திரும்ப ஓடவிடும்போது அந்த இடத்தில் ஒரு தடக்கு விழும். கிராப் எடிட்டரில் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தெரிவுசெய்து, டி அழுத்தி லீனியர். நீளம் மாறும் என்று நினைத்தால் ஷிஃப்ட்-இ அழுத்தி லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன் கொடுங்கள், கீபிரேம் முடிந்த பிறகும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். எம்ப்டியின் சுழற்சி முறை ஆய்லரில் இருக்க வேண்டும். குவாட்டேர்னியனில் இருந்தால் 0உம் 360உம் அதற்கு ஒன்றுதான், கமரா அசையாமல் நிற்கும்.

இதோடு வட்டமும் சரி, வேகமும் சரி. ஆனால் வெட்டி வெட்டிப் போவது இதனால் நிற்காது. கணக்கைப் பாருங்கள். 360 பாகையை 250ஆல் பிரித்தால் ஒரு பிரேமுக்கு 1.44 பாகை. பிளெண்டர் கமராவின் வில்லை தொடக்கத்தில் 50 மில்லிமீற்றர், சென்சர் 36 மில்லிமீற்றர். அதன் பார்வை அகலம் 39.6 பாகை. அப்படியானால் அலைகரைக்கு அப்பால் நிற்கும் பாலை மரமும் முதிரை மரமும் திரையின் ஒரு கரையில் தோன்றி மறு கரையில் மறைய 27 பிரேம்தான் எடுக்கும். ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூட. 1920 புள்ளி அகலமான படத்தில் ஒவ்வொரு பிரேமுக்கும் காடு 70 புள்ளி பாய்கிறது. எந்தக் கணினியில் ரெண்டர் பண்ணினாலும் அது வெட்டித்தான் தெரியும். மோஷன் பிளர் போட்டால் வெட்டு குறைந்து மங்கல் கூடும், காடு ஒரு பச்சைத் தீற்றலாகிவிடும்.

படப்பிடிப்புக்காரர் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: கமரா திரும்பும்போது ஒரு பொருள் திரையை ஒரு கரையில் இருந்து மறு கரைக்குக் கடக்க 7 செக்கன் ஆவது எடுக்க வேண்டும். அதை இங்கே போட்டால் செக்கனுக்கு 5.66 பாகை. முழு வட்டத்துக்கு 64 செக்கன். உங்கள் கணினிக்கு அது பெரிய சுமை, கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு நிமிடம் குளத்தைச் சுற்றிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது.

அதனால் நான் சொல்வது, முழு வட்டமே வேண்டாம். கால்வட்டம் போதும். நேரத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் இருக்கப்போவது யார் என்று யோசியுங்கள். அந்தக் குளத்தை ஐம்பது வருசம் பார்த்தவர்கள். அவர்களுக்கு அந்தக் குளம் ஒரு பக்கத்தில் இருந்துதான் பழக்கம். வண்டில் பாதையால் வயல் பக்கமாக வந்து, கட்டைக் கீழே இருந்து பார்த்து, ஏறி, தண்ணீரைப் பார்ப்பார்கள். கமரா முழுவதும் சுற்றினால் பாதி வழியில் வயல் எந்தப் பக்கம், துருசு எந்தப் பக்கம் என்று திசை தவறிவிடும். திசை தவறினால் எங்கள் ஐயாமார் அதற்குப் பிறகு வீடியோவைப் பார்க்கமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் தொடங்குவார்கள். கட்டை எவ்வளவு உயர்த்துகிறார்கள், தன் வயலுக்கு வாய்க்கால் எங்கால் வருகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் போவது சின்னக் குறை இல்லை.

ஆகவே எம்ப்டியைக் குளத்தின் நடுவில் வைக்காதீர்கள், துருசில் வையுங்கள். சுற்றும்போது எம்ப்டி இருக்கும் இடம் மட்டும்தான் திரையில் அசையாமல் நிற்கும். மற்றதெல்லாம் ஓடும். கண் ஓய்ந்து நிற்கும் இடம் எதுவோ அதுவே படத்தின் பொருள். நடுக்குளத்தில் வைத்தால் வெறும் தண்ணீரைச் சுற்றுவீர்கள். 0 பாகையில் கமரா வயல் பக்கம் நிற்கட்டும், அவர்கள் தினமும் வரும் பக்கம். அங்கிருந்து வான் இருக்கும் கிழக்குப் பக்கமாகச் சுற்றி 90 பாகையில் நில்லுங்கள். அந்த இடத்தில் கட்டு நேராக முன்னால் ஓடும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். குளம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஒரு பார்வையில் முழுதாகத் தெரியும். முழு வட்டத்தின் வேறெந்த இடத்திலும் அப்படித் தெரியாது (மேற்கு முனையைத் தவிர, ஆனால் அங்கே வான் இல்லை).

தூரத்தையும் கணக்குப் பார்த்தேன். 50 மில்லிமீற்றர் வில்லையில் பார்வையின் அகலம் தூரத்தில் 0.72 பங்கு. 600 மீற்றர் கட்டு முழுவதும் தெரிய 830 மீற்றருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 850 மீற்றர் ஆரையும் 250 மீற்றர் உயரமும் வையுங்கள். கிழக்குப் பக்கம் வந்து நிற்கும்போது வான் திரையின் கீழ்ப்பாதிக்குள் விழும். கமரா எவ்வளவு தூரம் வரை காட்டும் என்ற கிளிப் எண்ட் தூரத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் காடு பாதியில் அறுந்துபோகும். எவ்வளவு கிட்டத்தில் இருந்து காட்டத் தொடங்கும் என்ற கிளிப் ஸ்டார்ட்டை 1 மீற்றராவது ஆக்குங்கள். மிகச் சிறிய எண்ணில் விட்டால், இவ்வளவு தூரத்தில் தண்ணீர் தளமும் நிலமும் சேரும் கரையோரம் மினுங்கும்.

அடுத்தது பிரேம் வேகம். லப்டொப் திரையும் ப்ரொஜெக்டரும் பெரும்பாலும் செக்கனுக்கு 60 தடவை புதுப்பிப்பவை. 30 என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை வரும். 24 என்றால் ஒன்று மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று நொண்டும். மெதுவாகச் சுற்றும் கமராவில் அந்த நொண்டல் நன்றாகத் தெரியும். 30 வையுங்கள். 90 பாகைக்கு 16 செக்கன், 480 பிரேம். பிரேமுக்கு 20 செக்கன் என்றால் 2 மணி 40 நிமிடம். முழு வட்டம் என்றால் பத்தரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். காடு இப்போது ஒரு பிரேமுக்கு 9 புள்ளிதான் நகரும்.

கால்வட்டத்துக்கு லீனியர் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது திடீரென்று கிளம்பித் திடீரென்று நிற்கும். இங்கே பெசியர்தான் சரி. ஆனால் இரண்டு முனையிலும் மெதுவாகப் போனால் நடுவில் அதை ஈடுசெய்ய ஓட வேண்டும். பிளெண்டர் தானாகப் போடும் வளைவில் நடு வேகம் சராசரியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே கிராப் எடிட்டரில் வளைவை இழுக்கும் இரண்டு ஹாண்டிலையும் கிடையாகவே வைத்துக் கீபிரேம் பக்கமாகச் சுருக்குங்கள். நடுப்பகுதி நேர்கோட்டுக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டு செக்கன் கூட்டி 18 செக்கனாக, 540 பிரேமாக வைத்தால் இன்னும் நல்லது. தொடக்கத்திலும் முடிவிலும் கமரா அசையாமல் இரண்டு மூன்று செக்கன் நிற்கட்டும். அசையாத படத்தை ஒரு தடவை ரெண்டர் பண்ணி நீட்டினால் போதும், தண்ணீர் அசையாத வரை.


மாங்குளம் சந்தி எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. இன்னொரு வழியும் இருக்கிறது, கட்டு வளைந்து போகும் குளங்களுக்கு நான் அதைத்தான் பாவிக்கிறேன். பெசியர் வட்டம் ஒன்றைப் போட்டு, அதைக் கட்டின் வளைவுக்கு ஏற்ப இழுத்து, கமராவை அந்தப் பாதையில் ஓடவைக்கும் ஃபொலோ பாத் கட்டுப்பாடு கொடுக்கலாம். கமராவின் இடத்தை முதலில் ஓல்ட்-ஜி அழுத்திப் பூச்சியமாக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதையில் இருந்து அவ்வளவு தூரம் விலகி ஓடும். ஃபிக்ஸ்ட் பொசிஷனைத் தெரிவுசெய்து, ஒஃப்செட்டை 0இல் இருந்து 1 வரை கீபிரேம் போட்டால் வேகம் முழுவதும் உங்கள் கையில்.


மருதநிழல் எழுதியது:

நல்ல முறைதான். நீள்வட்டமோ வளைந்த கட்டோ என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் தம்பியின் காட்சிக்கு எம்ப்டியே நல்லது. ஃபொலோ பாத்தில் சீராக இருப்பது பாதையின் மேல் ஓடும் வேகம். பாதை வட்டமாக இல்லாவிட்டால், துருசுக்குக் கிட்ட வரும் இடத்தில் கமரா வேகமாகத் திரும்பும், தள்ளிப் போகும் இடத்தில் மெதுவாகத் திரும்பும். கண்ணுக்குத் தெரிவது திரும்பும் வேகம். எம்ப்டியில் அந்த வேகத்தையே நேரே எண்ணாகக் கொடுக்கிறோம். இன்னொரு வசதி, கமரா எம்ப்டியின் பிள்ளை என்பதால் அதன் சொந்த உயரத்துக்கு மட்டும் இரண்டு கீபிரேம் போட்டு, சுற்றும்போதே கீழிருந்து மெல்ல ஏறவைக்கலாம். வட்டம் குழம்பாது.


பாலியாறு எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. எம்ப்டியைத் துருசில் வைத்து, 90 பாகை, 540 பிரேம் வைத்தேன். முழு ரெண்டருக்கு முன் தெளிவு குறைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். எங்கள் அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கம் வந்து நின்றதும் எங்கள் வரம்பைக் கையால் காட்டினார்!

இன்னொன்று கேட்க வேண்டும். இதற்குப் பிறகு துருசைக் கிட்டக் காட்ட ஒரு சின்னக் கால்வட்டம் வைத்திருக்கிறேன், 20 மீற்றர் ஆரை. அதே எம்ப்டி, அதே முறை. ஆனால் அதில் எல்லாம் நடுங்குகிறது. கமரா மட்டுமில்லை, துருசின் சுவர் விளிம்பும் நடுங்குகிறது. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் போகவில்லை. தூரக் காட்சியில் இந்த நடுக்கம் இல்லை. ஒரு விசயம், எனக்கு மொடல் எப்போதும் மையத்தில் இருந்து மிகத் தூரத்தில்தான் இருக்கிறது, கோப்பைத் திறந்தால் ஹோம் விசை அழுத்தித்தான் அதைக் கண்டுபிடிக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?


சங்கிலி அளவு எழுதியது:

தொடர்பு அதுதான் தம்பி. நான் நில அளவை வரைபட வேலை செய்கிறேன், பிளெண்டர் என் தொழில் இல்லை, ஆனால் இந்த நடுக்கத்தை எங்கள் கோப்புகளில் கண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தந்த கோப்பு இலங்கைத் தேசிய ஆள்கூற்றில் இருக்கும். எஸ்எல்டி 99 முறையில் பிதுருதலாகலையில் இருக்கும் தொடக்கப் புள்ளிக்கே கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள், நாட்டில் எங்கும் கழித்தல் எண் வராமல் இருக்க. மல்லாவிப் பக்கம் வடக்கு எண் 700,000ஐயும் தாண்டிவிடும். வரைபட மென்பொருள்கள் அதைத் தாங்கும். பிளெண்டர் இடங்களை 32 பிட் எண்ணாக வைத்திருக்கிறது. அந்த வகை எண்ணில் 524,288க்கு மேல் போனால் அடுத்தடுத்த இரண்டு எண்ணுக்கு இடையில் 6.25 சென்ரிமீற்றர் இடைவெளி. நடுவில் ஒன்றும் இல்லை. உங்கள் கமராவும் சுவரின் விளிம்பும் அந்தப் படிகளில் தாவித் தாவித்தான் நிற்க முடியும்.

850 மீற்றரில் இது ஏன் தெரியவில்லை என்றால், அங்கே திரையின் ஒரு புள்ளியே 30 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம், 6 சென்ரிமீற்றர் அதற்குள் அடங்கிவிடும். 20 மீற்றரில் ஒரு புள்ளி முக்கால் சென்ரிமீற்றர். 6 சென்ரிமீற்றர் பாய்ந்தால் எட்டுப் புள்ளி. நடுங்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது, துருசின் ஆள்கூற்றை முழு எண்ணாக எடுத்து, அதை எல்லாவற்றில் இருந்தும் கழித்து மொடலை மையத்துக்குக் கொண்டுவருவது. ஆனால் பிளெண்டருக்குள் நகர்த்தினால் போதுமா என்று பார்க்க வேண்டும். பொருளின் ஒரிஜின் (அதன் இடத்தைக் குறிக்கும் புள்ளி) பூச்சியத்தில் இருந்து, அதன் புள்ளிகள் மட்டும் 700,000இல் நின்றால், கோப்பை உள்ளே எடுக்கும்போதே அந்தப் புள்ளிகள் 6 சென்ரிமீற்றர் படிகளுக்கு ஒட்டிப்போயிருக்கும். நகர்த்தினாலும் சுவர் கோணலாகவே இருக்கும். அப்போது வரைபட மென்பொருளிலேயே முதலில் நகர்த்தி, திரும்ப ஏற்றுமதி செய்யுங்கள். கழித்த இரண்டு எண்ணையும் மறக்காமல் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். நாளைக்கு யாராவது வாய்க்காலின் இன்னொரு துண்டைத் தந்தால் அதையும் அதே அளவால் நகர்த்த வேண்டும்.


பாலியாறு எழுதியது:

ஐயா, அதேதான். நிலமும் கட்டும் நான் அந்தக் கோப்பின் மேல் வைத்துக் கட்டியவை, அவற்றைப் பிளெண்டருக்குள் நகர்த்தியதும் சரியாகிவிட்டன. துருசு நேரே கோப்பில் இருந்து வந்தது, அதை வரைபட மென்பொருளில் நகர்த்தித் திரும்ப எடுத்தேன். இப்போது 20 மீற்றரிலும் சுவர் கல்லுப்போல நிற்கிறது. இன்று இரவு ரெண்டருக்குப் போடப்போகிறேன். நேரே எம்பி4 ஆக எடுக்கலாம்தானே?


மருதநிழல் எழுதியது:

சங்கிலி அளவு ஐயாவுக்கு நன்றி, அந்த 524,288 கணக்கை நானும் என் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

தம்பி, எம்பி4 வேண்டாம். எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வீடியோக் கோப்பாக எடுக்கும்போது நடுவில் கரண்ட் போனால் அதுவரை எடுத்ததும் பெரும்பாலும் திறக்காது. பிஎன்ஜி படங்களாக எடுங்கள், ஒரு பிரேமுக்கு ஒரு படம். வெளியீட்டு அமைப்பில் ஓவர்ரைட் என்பதை நீக்கிவிட்டு, பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கரண்ட் வந்ததும் அதே கோப்பைத் திறந்து மறுபடி ரெண்டர் கொடுத்தால், இருக்கும் படங்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த படம் பூச்சிய அளவுக் கோப்பாகக் கிடக்கும், அதை மட்டும் கையால் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு பிரேம் விடுபட்டுக் கமரா ஓரிடத்தில் துள்ளும்.

படங்கள் எல்லாம் வந்த பிறகு பிளெண்டரின் வீடியோ சீக்குவன்சரிலேயே அடுக்கி எம்பி4 ஆக்கலாம், சில நிமிடம்தான். அங்கேயும் செக்கனுக்கு 30 என்று இருக்கிறதா பாருங்கள், புதுக் கோப்பில் அது 24ஆகத்தான் திறக்கும். கூட்டத்துக்கு முதல்நாள் அந்த மண்டபத்து ப்ரொஜெக்டரிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பகல் கூட்டம் என்றால் யன்னல் வெளிச்சத்தில் பச்சையும் தண்ணீரும் ஒன்றாகத் தெரியக்கூடும். அப்படியானால் தண்ணீரின் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிவிடுங்கள். அந்தத் தண்ணீர் மாற்றத்துக்காக மட்டும் முழுவதும் திரும்ப ரெண்டர் பண்ணுவது பெரிய வேலை, அதனால் இன்று இரவு தொடங்குவதற்கு முன் நாலைந்து பிரேமை மட்டும் எடுத்து அங்கே கொண்டுபோய்க் காட்டிப் பார்த்துவிடுங்கள்.